மூளையில் ரத்தக்கசிவு: நம் குழுவில் நடந்ததும் நாம் கற்றுக்கொண்டதும்



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். நடுவில் யாராவது பேசினால் பேச விடுங்கள். சேமிப்புப் பணம் எண்ணுவதை இன்றைக்கு மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்தது இது. "நடந்ததை எழுதுங்க, ஆனா எம்பேரு வேணாம்" என்று அந்த அக்கா சொல்லிவிட்டதால் பெயரும் ஊரும் எழுதவில்லை. 52 வயது. கல்யாணமாகி வந்த புதிதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். பன்னிரண்டு வருடமாகக் குழுவின் கணக்கு நோட்டை அவர்தான் எழுதி வந்தார். ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்.

அன்றைக்குக் கூட்டம் நாலு மணிக்கு. கடன் தவணை எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. "தலை பொளக்குதுடி" என்றார். உடனே வாந்தி எடுத்தார். நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

என்ன செய்தோம் தெரியுமா? பித்தம் என்றார் ஒருவர். கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்கி வந்து குடிக்க வைத்தோம். பாதி சோடா வாயோரம் வழிந்தது. கண்ணு பட்டிருக்கும் என்று ஒருவர் மிளகாய் சுற்றிப் போட்டார். இன்னொருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த தலைவலி மாத்திரையைக் கொடுத்தார். அது தொண்டையில் சிக்கி அவர் இருமிய இருமல் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு, "கொஞ்ச நேரம் படுக்கட்டும், சரியாயிடும்" என்று பாய் விரித்துப் படுக்க வைத்தோம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததைப் பார்த்த ஒரு சின்னப்பெண், பெரியவர்கள் இருக்கிறார்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டாள்.

ஆறரை மணிக்கு வீட்டுக்காரர் வந்து எழுப்பினார், எழவில்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஸ்கேன் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது இரவு பத்தரை. நாலே காலுக்குப் பேனா விழுந்தது. ஆறே கால் மணி நேரம் போய்விட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு நின்று நின்று வருகிறது.

நரம்பு வெடித்ததா?

"மூளையில நரம்பு வெடிச்சிருச்சு" என்றுதான் ஊரில் பேசினார்கள். நாமும் அப்படித்தான் சொல்வோம். உண்மையில் வெடித்தது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். கையில் பச்சையாகத் தெரிவதையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம், அதுவும் ரத்தக்குழாய்தான். நரம்பு சேதி கொண்டு போவது. ரத்தக்குழாய் ரத்தம் கொண்டு போவது. இந்த வித்தியாசம் எதற்கு என்றால், நரம்புத் தளர்ச்சிக்கு டானிக் வாங்கிக் குடித்தால் இது வராது என்று நினைக்கிற ஆட்கள் நம்மிலேயே உண்டு.

பக்கவாதம், வாதம், கை கால் இழுத்துக்கொண்டது என்றெல்லாம் நாம் சொல்வது இரண்டு விதமாக வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு, பத்தில் ஏழெட்டுப் பேருக்கு, மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. மீதிப் பேருக்குக் குழாய் உடைந்து ரத்தம் மூளைக்குள் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

குழாய் ஏன் உடைகிறது? தோட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு எளிதாகப் புரியும். மோட்டாரிலிருந்து வரும் பெரிய பைப்பில் சின்னச் சின்ன டியூப் சொருகியிருப்போம். மோட்டார் அளவுக்கு மேல் தள்ளினால் பெரிய பைப் தாங்கிக்கொள்ளும், சின்ன டியூப்தான் பிய்த்துக்கொள்ளும். அதுவும் முதல் நாளே பிய்க்காது. வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி, டியூப் விறைத்து, இத்துப்போய், ஒரு நாள் பிய்க்கும். மூளையின் அடி ஆழத்தில் அப்படி நூல் போன்ற குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரிகின்றன. ரத்தக்கொதிப்பு முதலில் கெடுப்பது அவற்றைத்தான்.

வயிற்றில் காயம் பட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. மண்டை ஓடு மூடி போட்ட பானை. உள்ளே 30 மில்லி ரத்தம், அதாவது நம் காபி டம்ளரில் கால் பாகம், சேர்ந்தாலே அது மூளையை நசுக்க ஆரம்பித்துவிடும். மேலும் பலருக்குக் கசிவு முதல் சில மணி நேரத்தில் நிற்காமல் பெரிதாகிக்கொண்டே போகிறது. நாங்கள் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்த நேரம் அந்த நேரம்தான்.

மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நாலு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். பயமுறுத்த எழுதவில்லை. வந்தபிறகு ஓடுவதைவிட வராமல் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காக எழுதுகிறோம்.

"நல்லாத்தானே இருக்கேன்"

அந்த அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது நாலு வருடத்துக்கு முன்பே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் போட்டார். அளந்து பார்த்து "நார்மலா இருக்கு" என்று சொன்னதும் நிறுத்திவிட்டார். கேட்டபோது அவர் சொன்ன பதில்: "தலைவலியும் இல்ல, கிறுகிறுப்பும் இல்ல, நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்." அவர் மருமகள் வீட்டைச் சுத்தம் செய்தபோது அரிசி டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன.

நாம் எல்லோரும் இப்படித்தான் யோசிக்கிறோம். காய்ச்சல் நின்றால் மாத்திரை நிற்கும். ரத்தக்கொதிப்பு அப்படி இல்லை. மாத்திரை போடுவதால்தான் அளவு நார்மலாக இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். ஏறுவது நமக்குத் தெரியாது, வலிக்காது. பிரஷர் ஏறினால் தலை சுற்றும், கோபம் வரும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அளந்தால்தான் தெரியும்.

படிக்காதவங்களுக்குத்தான் இப்படி வரும் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். அப்படி இல்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1944 மார்ச்சில் டாக்டர் அவருக்கு அளந்தபோது 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தங்கியிருந்தார். ஒரு பெண் ஓவியர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார். மதியம் ஒரு மணி வாக்கில் பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். டாக்டர் ஓடி வந்து அளந்தபோது 300/190. மூன்றரை மணிக்கெல்லாம் உயிர் போய்விட்டது. வயது 63. மூளையில் ரத்தக்கசிவு.

அவ்வளவு பெரிய நாட்டின் தலைவர், பக்கத்திலேயே இதய டாக்டர், ஆனாலும் கொதிப்பைக் குறைக்க அன்று சரியான மாத்திரை கிடையாது. உப்பைக் குறையுங்கள், சிகரெட்டைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. தினமும் போடக்கூடிய நல்ல மாத்திரைகள் 1950களின் கடைசியில்தான் வரத் தொடங்கின. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நாம் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறோம்!

மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இதில் எதைத் தாண்டினாலும் கொதிப்புதான். ஒரு தடவை அளந்து முடிவு செய்ய வேண்டாம், வேறு நாளில் மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். நடந்து வந்த மூச்சோடு கையை நீட்டாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாதம் வரும் ஆபத்து கால் பங்குக்குமேல் குறைவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம், ஒரு சின்ன ஸ்பூன் அளவு, அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், இதெல்லாம் குழம்பில் போடும் உப்புக்கு மேலே. நம் குழுக்களிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறோம், தெரியும். விற்கலாம், தினமும் மூன்று வேளையும் நாமே தின்ன வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூட்டு வலி, இடுப்பு வலிக்குக் கடையில் சொல்லி வாங்கிப் போடும் மாத்திரைகளில் பலவும் கொதிப்பை ஏற்றக்கூடியவை. களையெடுத்துவிட்டு வந்து தினம் ஒன்று போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். புகையிலை போடுவதும் கொதிப்பை ஏற்றும். வீட்டு ஆண்களுக்குக் குடியும் பீடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கொதிப்பு இல்லாமலும் வரும்

தலையில் அடிபட்டும் கசிவு வரும். வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தான். முந்தானை சக்கரத்தில் சிக்குகிறது, வேகத்தடையில் தூக்கிப் போடுகிறது. ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கொண்டை நசுங்கும் என்று நாம் போடுவதில்லை. அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவது உண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்தால் அப்படி ஆகும். ஆகவே தலையில் பலமாக அடிபட்டு நினைவு தப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, "நல்லாத்தான பேசுறாரு" என்று வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

வயதானவர்கள் விஷயம் வேறு. மாமியார் வாசல்படியில் தடுக்கி விழுந்திருப்பார். லேசான அடி, எண்ணெய் தேய்த்து விட்டிருப்போம். மூன்று வாரம் கழித்து ஆள் மாறிப்போவார். சாப்பிட்டதை மறப்பார், எந்நேரமும் தூங்குவார், ஒரு காலை இழுத்து நடப்பார், பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போய்விடுவார். வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது என்று நாமும் திண்ணையில் விட்டுவிடுவோம். சில பேருக்கு இது வயசுக் கோளாறு இல்லை. மூளையின் மேலே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருக்கும். மண்டையில் சின்னத் துளை போட்டு அதை வடித்துவிட்டால் பலர் பழையபடி நடமாடிவிடுகிறார்கள். திட்டிக்கொண்டே பீத்துணி துவைத்த மருமகள்கள் நம்மில் இருக்கிறோம். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று பின்னால் நினைத்து வருத்தப்பட்டவர்களும் இருக்கிறோம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான அடியிலும் இது வரலாம். அதற்காக அந்த மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு ரத்தக்கொதிப்பு ஏறி, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம் வந்தால் வளைகாப்பு வேலை, தாய்வீட்டுப் பயணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிப்பும் வரலாம், மூளையில் கசிவும் வரலாம். பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிரசவமாகி ஆறு வாரம் வரை இது வரக்கூடும். பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது என்றால் "பனி பட்டிருக்கும்" என்று பத்து போட்டு விடாதீர்கள்.

இன்னொரு வகை, மூளையைச் சுற்றியுள்ள குழாயில் சின்னக் கொப்புளம் போல வீங்கியிருந்து வெடிப்பது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வலி வந்ததே இல்லை என்று சொல்லும்படியான தலைவலி, இடி இறங்கினாற்போல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். கழுத்து விறைக்கும், வாந்தி வரும். கை கால் நன்றாக இருந்தாலும் ஓட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் என்ன செய்வது

சந்தேகம் வந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா. இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு கை கீழே இறங்குகிறதா. குழுவின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், திடீரென்று வந்திருந்தால் அது பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பேனா இரண்டாம் தடவை விழுந்தபோதே எங்களுக்கு இது தெரிந்திருந்தால்!

மணி பாருங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கையிலோ காகிதத்திலோ எழுதிவிடுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். 108க்குப் போன் செய்து, "பக்கவாதம் மாதிரி இருக்கு, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். மயக்கம் என்று மட்டும் சொன்னால் பக்கத்தில் இருக்கும் சின்ன இடத்தில் இறக்கிவிட்டு நேரம் போய்விடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்கேன் இருக்கிறது. நம் ஊரிலிருந்து எது பக்கம் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர், சோடா, காபி, சுக்குக் கஷாயம், எதுவும். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தியைத் துடைத்துவிட்டு, ஜாக்கெட்டைத் தளர்த்திவிட்டால் போதும். தலைவலி மாத்திரையும் கூடாது. பல தலைவலி மாத்திரைகளில் ஆஸ்பிரின் இருக்கிறது. அது ரத்தம் உறைவதைத் தடுப்பது. அடைப்பு என்றால் டாக்டரே கொடுப்பார், கசிவு என்றால் அது கசிவைக் கூட்டும். எது என்று ஸ்கேன் எடுக்காமல் தெரியாது என்று மேலே சொன்னோமே, அதற்குத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியும் அப்படித்தான். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஆனால் கசிவு உள்ளவருக்குப் போட்டால் ஆபத்து. கொதிப்பு ஏறியிருக்கும் என்று வீட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரையை இரண்டு மூன்றாகப் போடுவதும் வேண்டாம். அதை ஆஸ்பத்திரியில் அளந்து அளந்து குறைப்பார்கள். காது மடலைக் குத்தி ரத்தம் எடுப்பது, புறா ரத்தம் தடவுவது எல்லாம் நேரத்தைத் தின்பவை.

கசிவு என்றால் எல்லோருக்கும் ஆபரேஷன் என்று இல்லை. எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அந்த அக்காவுக்கு ஆபரேஷன் செய்யவில்லை. மருந்தும் கவனிப்பும்தான். செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாரில் கட்டிய பணத்துக்காக அவர் வீட்டுக்காரர் அன்று இரவே வட்டிக்கு வாங்கினார். குழுவும் உள்கடன் கொடுத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை டிரங்குப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. அட்டையையும் ரேஷன் கார்டையும் ஒரே பையில் போட்டு, எடுக்கும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

அவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். பயிற்சி தினமும் செய்கிறார், மகன்தான் கையைப் பிடித்து மடக்கி நீட்டி விடுகிறான். கணக்கை வேறொருவர் எழுதுகிறார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். போன மாதம் 140 ரூபாய் கூட்டல் தப்பைச் சுட்டிக்காட்டினார். வார்த்தை வரவில்லை, இடது விரலால் அந்த வரியைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாத்திரையை இப்போது ஒரு நாளும் விடுவதில்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்க் கொதிப்பு பார்க்கும் தன்னார்வலர்களாகச் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். ஆகவே அளக்கத் தெரிந்தவர்கள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு அளக்கும் கருவியோடு வரச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிப் பெயர், தேதி, அளவு எழுதுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மாதம் வாங்கினார்களா என்று தவணை கேட்பது போலவே கேளுங்கள். வாங்கவில்லை என்றால் திட்ட வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, நூறுநாள் வேலைக்குப் போனதால் நேரமில்லை என்பார்கள். முடிந்தவர் ஒருவர் போய் எல்லோருடைய சீட்டையும் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு யார் போவது என்று இன்றைக்கே பேர் எழுதிவிட்டு, பிறகு பணத்தை எண்ணுங்கள்.